வண்டி சூடாக வேண்டிய பத்து நிமிடம்

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுவதற்குள் மூன்று முறை வெளியே போய் வந்துவிடுவேன். முடிவெட்டும் கடையில் நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடத் தொடங்கும். கடைக்காரர் கத்தரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆடி முடித்ததும் சொல்லுங்க என்று காத்திருப்பார். இருபத்திரண்டு வருடம் டீசல் ஷேர் ஆட்டோ ஓட்டியதால் வந்த வியாதி இது என்று என் மனைவி சொல்வாள். வியாதி முன்பே இருந்தது, அதனால்தான் அந்த வண்டி எனக்குப் பொருந்தியது என்பது என் கட்சி.

அது ஒற்றை சிலிண்டர் வண்டி. நின்றாலும் உதறும், ஓடினாலும் உதறும். கண்ணாடியில் பின்னால் வருகிற ஒரு பஸ் இரண்டு பஸ்ஸாகத் தெரியும். திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூருக்கும் அங்கிருந்து திரும்பவும் ஒரு நாளைக்கு மூன்று நடை, பௌர்ணமி வந்தால் நான்கு, ஐந்து. பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் இறங்குமிடம் வந்தால் தோளில் தட்டுவார்கள், வாயால் சொல்லிப் பயனில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் நான் அதே குரலில்தான் பேசுவேன். சோறு கேட்டால் மூன்றாவது வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்.

எங்கள் வீடு ஒரு சந்தில் இருக்கிறது. இரண்டு ஆட்டோ உரசாமல் போகலாம், அவ்வளவு அகலம். வாசல்படியை ஒட்டி வண்டியை நிறுத்துவேன். காலை ஐந்தரைக்கு ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, சூடான பிறகுதான் எடுப்பேன். அப்படிச் செய்தால்தான் இன்ஜின் நாள்பட உழைக்கும் என்று எனக்கு முதலில் வண்டி கொடுத்த முதலாளி சொல்லியிருந்தார். வேறு எதை மறந்தாலும் இதை நான் மறந்ததில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, காபி டம்ளர் கையில் நடுங்க நடுங்க, அந்தப் பத்து நிமிடத்தை அனுபவிப்பேன். ஒரு நாளில் நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்த நேரம் அது ஒன்றுதான்.

மனைவி அங்கன்வாடியில் உதவியாளர். நாலைந்து வருடமாக அவளுக்கு வீசிங். மழைக்காலத்தில் மூச்சு விசிலடிக்கும். படியேறினால் நடுவில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை பேச்சே வராமல் போய், அதே ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா அவள் மார்பில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு என் சட்டையை மோந்து பார்த்தார். வீட்டில் புகை எது என்று கேட்டார். கேஸ் அடுப்புதான் என்றேன். வண்டி என்ன வண்டி என்றார். சொன்னேன். இனிமேல் இவங்க புகையே படாம இருக்கணும், இன்னொரு தடவை இப்படி வந்தா இவ்வளவு சுலபமா திரும்பிப் போக மாட்டாங்க என்றார். வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது என் இரண்டு காலும் ஆடின.

அதனால்தான் எலக்ட்ரிக் வாங்கினேன். ஊரே அப்போது இன்ஜின் மாற்றிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டில் பாதிப் பேர் கேஸுக்குப் போயிருந்தார்கள். என் மச்சினன் கீழ்பென்னாத்தூரில் பழைய ஆயில் இன்ஜினைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுக் கிணற்றுக்கு சோலார் மோட்டார் வைத்திருந்தான், வேர்க்கடலைக்கு மருந்தடிக்க ட்ரோன் வந்தது. என்ஜினீயரிங் படிக்கிற பையன்கள் என் வண்டியில் உட்கார்ந்து, இன்னும் பத்து வருடத்தில் ஹைட்ரஜனில் பஸ் ஓடும், தண்ணீர்தான் புகையாக வரும் என்று கத்திக் கத்திப் பேசினார்கள். இன்றைக்கு ஒன்று வாங்கினால் நாளைக்கு வேறொன்று வந்துவிடுமோ என்று எனக்குத் தூக்கம் போயிற்று. யாரிடம் கேட்டாலும் ஒவ்வொரு மாதிரி சொன்னார்கள். எல்லோரிடமும் கேட்டேன்.

டெலிவரி எடுத்த அன்று கோபுரத்துக்கு எதிரே நிறுத்திப் பூஜை போட்டோம். மாலை போட்டாகிவிட்டது, இன்ஜினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். சீட்டைத் தூக்கினால் ஒரு பெட்டி இருக்கிறது, பின்னால் குனிந்தால் குடம் அளவுக்கு ஒரு மோட்டார் இருக்கிறது. எதை இன்ஜின் என்று சொல்வது? ஐயர் இதெல்லாம் பார்த்துப் பழகியவர் போலிருக்கிறது, மீட்டர் பக்கத்துல வெச்சுடுங்க, எல்லாத்துக்கும் அதுதான் மூஞ்சி என்றார். ஷோரூமிலிருந்து வந்த பெண் பக்கத்தில் நின்று வண்டியைப் பற்றி ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தது. நான் தலையாட்டிக்கொண்டே சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதில் இருந்தேன். நல்ல நேரம் முடிய நாலு நிமிடம்தான் இருந்தது. மனைவி மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

வண்டியை நகர்த்தினேன். எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம் கேட்டது. எத்தனையோ வண்டிக்குப் பழம் ஏற்றியிருக்கிறேன், அந்தச் சத்தத்தை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

பழைய வண்டியை ஸ்டாண்டில் என்னோடு இருபது வருடமாக இருக்கிற நண்பனிடம் கொடுத்தேன். வாய்ப்பேச்சுதான். கார்த்திகை தீபம் வரைக்கும் நீ ஓட்டு, புது வண்டி எனக்கு ஒத்துவந்தால் அது உன்னுடையது, ஒத்துவராவிட்டால் நான் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று பேசிக்கொண்டோம். மனைவியிடம் விற்றுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

ஒத்துவரவில்லை. முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. வண்டி உதறாததால் நான் உதறினேன். சிக்னலில் நின்றால் செத்த வண்டியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும், ஆக்சிலேட்டரை லேசாகத் திருப்பி உயிர் இருக்கிறதா என்று பார்ப்பேன், அது முன்னால் நிற்கிற ஸ்கூட்டரில் போய் முட்டும். பின்னால் பேசுவதெல்லாம் கேட்டது. யார் வீட்டில் யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, எந்த டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டுவான் என்றெல்லாம். அந்த டிரைவர் நான்தான். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த எண். மீட்டரில் பேட்டரி சார்ஜ் நூறில் தொடங்கி ஒவ்வொன்றாக இறங்கும். டீசல் முள் இறங்குவதை நான் என்றைக்கும் பார்த்ததில்லை. ரிசர்வில்தான் எங்கள் பிழைப்பே ஓடும், தீர்ந்தால் பின்னால் வருகிற ஆட்டோக்காரன் காலை நீட்டி உதைத்துத் தள்ளி பங்க் வரைக்கும் கொண்டுவிடுவான். இந்த எண் என் கண்ணை விட்டு அகலவில்லை. நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு. சாப்பிடும்போதும் அதுதான் கண்ணில் ஓடியது.

மூன்று நடை தாராளமாக வரும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எனக்கு மூன்றாவது நடையில் திரும்பி வரும்போது உயிர் போய் உயிர் வரும். நானும் சிக்கனம் பிடிக்காமல் இல்லை. டீசல் வண்டிக்காரன் யாராக இருந்தாலும் சரிவு வந்தால் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் இறங்குவான். அப்படி மிச்சம் பிடிக்காதவனை ஸ்டாண்டில் டிரைவர் என்றே சேர்த்துக்கொள்ள மாட்டோம். புது வண்டியிலும் அதையே செய்தேன். ரயில்வே மேம்பாலத்தின் உச்சிக்கு ஏறியதும் சாவியைத் திருப்பி அணைப்பேன், வண்டி தானாக உருண்டு இறங்கும், கீழே ஆள் நிற்கும் இடத்தில் பிரேக் பிடிப்பேன். ஏரிக்கரைச் சரிவிலும் அப்படி, வழியில் எங்கெல்லாம் இறக்கமோ அங்கெல்லாம் அப்படி. இவ்வளவு பார்த்துப் பார்த்து ஓட்டியும் எண் இறங்கிக்கொண்டே இருந்தால் வண்டி சரியில்லை என்றுதானே அர்த்தம்.

தீபத்துக்கு நாலு நாள் இருந்தபோது நின்றேபோனது. சாயங்காலம், ஊருக்குள் நுழைய இன்னும் இரண்டு கிலோமீட்டர். ஆறு பேர் இறங்கி, ஆளாளுக்கு முனகிக்கொண்டே வேறு வண்டிக்குக் கை காட்டினார்கள். ஒரு அம்மா, இதுக்குத்தான் புதுசா எதையும் நம்பக்கூடாதுன்றது என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சாலையோரத்தில் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். சக்கரத்தை ஒரு உதை கூட விட்டேன்.

அப்போது தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. பார்க்காமலே தெரிந்தது, என் வண்டி. நண்பன் பக்கத்தில் வந்து நிறுத்தி, எதுவும் கேட்காமல், என்னை சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டுப் பின்னாலிருந்து காலை நீட்டித் தள்ளத் தொடங்கினான். என் பழைய ஆட்டோ என் புது ஆட்டோவை உதைத்து ஊருக்குள் கொண்டுவந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, இன்னொரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டிருந்த இரண்டு கிலோமீட்டரும் என் கால் ஆடவில்லை. மூன்று மாதத்தில் முதல் முறை.

வீட்டருகே வந்ததும் வண்டியைத் திருப்பிக் கொடு என்று கேட்டேன். அவன் முகம் ஒரு நொடி மாறியது. அந்த வண்டியை நம்பித்தான் அவனும் தீபக் கூட்டத்துக்குக் காத்திருந்தான். ஆனாலும் பேசிய பேச்சு பேச்சு என்று ஒத்துக்கொண்டான். காலையில் தெருமுனையில் கொண்டுவந்து நிறுத்து, வீட்டுப் பக்கம் வராதே என்று சொன்னேன். அதற்குள் மனதுக்குள் எல்லாம் தீர்மானம் ஆகிவிட்டிருந்தது. இந்தப் புது வண்டியை எடுத்துக்கொள்ள ஸ்டாண்டிலேயே ஆள் இருக்கிறது. டீசல் வண்டியை இனி தெருமுனையில்தான் நிறுத்துவேன், அங்கேயே ஸ்டார்ட் செய்வேன், சட்டையை வெளியிலேயே கழற்றி வைப்பேன். புகை வீட்டுக்குள் வராது, அவளுக்கு ஒன்றும் ஆகாது. இப்படிச் சொல்லிச் சொல்லி என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன்.

இரவு சாப்பிடும்போது வண்டி நின்றுபோனதை மட்டும் மனைவியிடம் சொன்னேன், அதுவும் கோபமாக. எல்லாச் சரிவிலும் சாவியை அணைத்து அணைத்து மிச்சம் பிடித்தும் இந்த லட்சணம் என்றேன். அவள் குழம்புக் கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"சாவிய அணைச்சிட்டா எறங்குறீங்க? அப்படிப் பண்ணக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே. எறக்கத்துல சாவி போட்டபடி இருந்தா மோட்டாரே வண்டிய புடிச்சிக்குமாம், அந்த வேகத்துல பேட்டரிக்குத் திரும்ப சார்ஜ் ஏறுமாம். அணைச்சிட்டா ஏறாதாம்."

"எப்ப சொல்லுச்சு?"

"நீங்க எலுமிச்சம்பழம் வெச்சினு இருந்தப்போ."

மூன்று மாதமாக மேம்பாலம் எனக்குத் திருப்பிக் கொடுக்க நினைத்ததை நான் சாவியைத் திருப்பி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கீழே போய் அதை பிரேக்கில் தேய்த்துச் சாலையில் விட்டிருக்கிறேன். எங்கள் தொழிலில் எதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தோமோ அதுதான் என்னை நடுரோட்டில் நிறுத்தியது. இது புரிந்ததும் சிரிக்க வேண்டியவன்தான். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருடம் ஓட்டியவனுக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தருகிறாயா என்று மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினேன். அவள் மோர் ஊற்றினாள். தப்பு என்னுடையது என்று தெரிந்த பிறகு அந்த வண்டியை எனக்கு இன்னும் பிடிக்காமல் போனது. நண்பனைக் கூப்பிட்டு வரவேண்டாம் என்று சொல்லலாம், போன் பக்கத்தில்தான் இருந்தது. சொல்லவில்லை.

காலையில் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன். கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். மனைவி அடுப்பில் பால் வைத்திருந்தாள். பதினேழு வயது மகள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். பிரிட்ஜின் மேல் மனைவி மூச்சுக்கு இழுக்கும் பம்ப் இருந்தது. அதன்மேல் தூசி படிந்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான், அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஐந்தரைக்கு அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டது. அங்கே நிற்கவில்லை. சந்துக்குள் நுழைந்து, என் எலக்ட்ரிக் வண்டியைத் தாண்டி, வழக்கமாக நிற்கும் இடத்தில் எங்கள் வாசல்படியை ஒட்டி வந்து நின்றது. சொன்னதை மறந்துவிட்டானோ, பழக்கதோஷமோ. அணைக்கவும் இல்லை. மார்கழி பிறக்கும் முன்னமே குளிர் தொடங்கியிருந்தது, சூடாகட்டும் என்று ஓடவிட்டிருந்தான். நான் எழுந்திருக்கலாம் என்று தரையில் கையை ஊன்றினேன்.

அதற்குள் மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டுக் கொடியில் கிடந்த பழைய துண்டை எடுத்தாள். வாளியில் முக்கினாள், பாதி பிழிந்தாள், வாசலுக்கு வந்து மண்டி போட்டு உட்கார்ந்து, கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் அதை நீளமாக வைத்து விரலால் குத்திக் குத்தி அடைத்தாள். இரண்டு மூலையிலும் அழுத்திவிட்டாள். எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். மகள் தூங்கும் அறைக் கதவை இழுத்துக்கொண்டாள். சமையற்கட்டின் பின்பக்க ஜன்னலுக்குப் போய், முந்தானையால் மூக்கை மூடி, வெளியே பார்த்து நின்றாள். நான் ஒருவன் கூடத்தில் இருப்பதையே அவள் பார்க்கவில்லை. அத்தனையும் அவள் கை தானாகச் செய்தது, நான் இறக்கத்தில் சாவியைத் திருப்புவது போல.

"இன்னா பண்ற?" என்று கேட்டேன்.

திரும்பிப் பார்த்தாள். நான் உள்ளே இருப்பது அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

"பொகை வருதுங்க."

"தெனமும் இப்படித்தான் அடைப்பியா?"

"பத்து நிமிஷந்தானே. நீங்க கெளம்புற வரைக்கும்."

"எத்தினி வருஷமா?"

"பாப்பா பொறந்ததுலேர்ந்து. கொழந்தைக்கு ஆவாதுன்னு வெச்சேன், அப்படியே பழகிடுச்சு. நீங்க வெளிய வண்டில உக்காந்துனு இருப்பீங்க."

குறையாகச் சொல்லவில்லை. காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாள். பதினேழு வருடம், காலை தவறாமல், நான் காபி டம்ளரோடு நிம்மதியாக உட்கார்ந்திருந்த பத்து நிமிடமும், கதவுக்கு இந்தப் பக்கம் இவள் மூக்கை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அவள் பிரிட்ஜின் மேலிருந்த பம்பை எடுத்து, மூன்று மாதமாகத் தேவைப்படாமல் படிந்திருந்த தூசியை ஊதினாள். குலுக்கினாள். பிறகு அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள்.

"நம்ம பழைய வண்டிங்களா அது?" என்றாள்.

எங்கள் வாசற்கதவு உள்பக்கமாகத் திறப்பது. திறந்தால் துண்டு நகரும். அதனால் சமையற்கட்டு வழியாகப் பின்புறம் இறங்கி, பக்கத்து வீட்டுச் சுவரைச் சுற்றிக்கொண்டு செருப்பில்லாமல் சந்துக்கு ஓடினேன். நண்பன் சீட்டில் உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சூடாயிடுச்சு மச்சான், எடுத்துக்க என்றான். நான் கையை நீட்டி ஸ்டாப் குமிழை இழுத்தேன். இன்ஜின் இரண்டு தரம் குலுங்கி நின்றது. என் காலும் கையும் நிற்கவில்லை.

"எனக்கு வேணாம். உன் வண்டிதான் அது, நீயே வெச்சுக்க."

"நேத்து கேட்டியே."

"கேட்டேன். இப்ப வேணாம். இங்க ஸ்டார்ட் பண்ணாத, நான் தள்ளுறேன்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். ஆனாலும் தீப நாளுக்கு வண்டி கையில் நின்றதில் அவனுக்குச் சந்தோஷம், மேற்கொண்டு கேட்கவில்லை. நான் என் வண்டியின் சார்ஜர் வயரைப் பிடுங்கி, சாவியைப் போட்டு, அவனுக்குப் பின்னால் ஒட்டிக் கொண்டுவந்து, வலது காலை நீட்டி அந்த டீசல் ஆட்டோவின் பின்புறத்தில் வைத்துத் தள்ளத் தொடங்கினேன். இரண்டு வண்டியும் சத்தமில்லாமல் சந்தில் நகர்ந்தன. பின்னால் எங்கள் வீட்டுக் கதவு திறப்பது கேட்டது. அவள் துண்டைப் பிழிகிற தண்ணீர் வாசல்படியில் விழுவதும் கேட்டது.